தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையும் அதன் சில்லறைத் தொல்லைகளும்

சேலம், நாமக்கல் சமவெளியில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏதாவதொரு மாடிப்படியில் ஏறினால் தட்டச்சுப் பயிலகம் ஒன்று இருக்கும். ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஓமலூர், பரமத்தி வேலூர் என எந்த ஊராக இருந்தாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்தவர்கள், தேர்வு முடிவு வருவதற்குள் அங்கே சேர்ந்துவிடுவது பல ஆண்டுப் பழக்கம். காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு வரை மணிக்கு ஒரு பிரிவாக வகுப்பு நடக்கும். தெருவில் போகிறவர் காதில் விழுவது மழை பெய்வதுபோன்ற ஓர் ஓசை. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கவனமோ சிக்கிக்கொண்ட எழுத்துக் கம்பியிலும் காய்ந்துபோன ரிப்பனிலும் வலிக்கும் சுண்டுவிரலிலும் இருக்கும்.

இந்தத் தொல்லைகள் தனித்தனியாகப் பார்த்தால் அற்பமானவை. எந்த வரலாற்று நூலும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தமிழ் எழுத்து இயந்திரத்துக்குள் எப்படிப் புகுந்தது, எதை விட்டுக்கொடுத்தது, எதை விட மறுத்தது என்பதை அறிய இவற்றைவிட நல்ல வழி இல்லை.

தொல்லையின் பிறப்பு

தட்டச்சுப் பொறியை விற்பனைக்குரிய பொருளாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ். அவரும் நண்பர்களும் 1868-இல் காப்புரிமை பெற்றனர். 1873-இல் துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. மறு ஆண்டு பொறி சந்தைக்கு வந்தது. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1878-இல் வந்த ரெமிங்டன் 2-ஆம் எண் பொறியில்தான் ஷிப்ட் விசை வந்தது. ஒரே விசையில் இரண்டு எழுத்து என்ற ஏற்பாடு அதிலிருந்து நிலைத்தது. தமிழுக்குப் பிற்காலத்தில் உயிர் கொடுத்ததும் இந்த ஏற்பாடுதான்.

ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசை கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்று குழப்பமாக இருப்பதற்குப் பலரும் ஒரு காரணம் சொல்வார்கள்: வேகமாக அடித்தால் கம்பிகள் சிக்கிக்கொள்ளும், ஆகவே தட்டச்சரின் வேகத்தைக் குறைக்கவே எழுத்துகளைக் கலைத்துப் போட்டார்கள் என்று. பயிலக ஆசிரியர்களும் இதையே சொல்லிக்கொடுத்து வந்தார்கள். கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான கோய்ச்சி யசுவோக்காவும் மோட்டோக்கோ யசுவோக்காவும் 2011-இல் வெளியிட்ட கட்டுரை இதை ஏற்கவில்லை. தொடக்கக் காலப் பொறிகளைப் பயன்படுத்திய தந்தி எழுத்தர்களின் வசதிக்கேற்பவே அடுக்கு மெல்ல மெல்ல மாறியது என்பது அவர்கள் வாதம். எது சரியானாலும் கம்பி சிக்குவது நின்றபாடில்லை. அடுத்தடுத்த இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டு கம்பிகளும் நடுவழியில் கைகோத்து நின்றுவிடும். விரலால் பிரித்தெடுக்க வேண்டும், விரலில் மை ஒட்டும், அதே விரல் தாளைத் தொடும், தாள் வீணாகும்.

247 எழுத்தும் 40 சொச்சம் விசையும்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கிரந்த எழுத்துகள் தனி. பொறியில் இருப்பதோ 40-க்குச் சற்று மேற்பட்ட விசைகள். விசைக்கு இரண்டு எழுத்து. ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழுக்கு எப்படிப் போதும்?

இந்தப் புதிரை அவிழ்த்தவராகப் போற்றப்படுபவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்று, அங்கே வணிக நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர். பேராசிரியரோ பொறியியலாளரோ அல்லர். நாள்தோறும் தட்டச்சுப் பொறியோடு பழகியவர். அவருடைய வழி எளிமையானது. 247 எழுத்தையும் தனித்தனி உருவமாகப் பார்க்காமல், திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளாகப் பிரித்தார். கால் ஒன்று, கொம்பு இரண்டு வகை, இணைக்கொம்பு ஒன்று, மேல் விசிறி, புள்ளி. இவற்றைத் தனி விசைகளில் வைத்துவிட்டால் ‘கா’வும் ‘கெ’வும் ‘கை’யும் தனி அச்சு கேட்கமாட்டா. உறுப்பையும் எழுத்தையும் பக்கம் பக்கமாக அடித்தால் போதும், அவ்வளவுதான். அவர் வகுத்த முறைப்படி ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமான் நிறுவனம் பொறிகளைச் செய்து கொடுத்தது. ‘பிஜோ’ என்ற கையடக்கப் பொறி அவற்றுள் பெயர் பெற்றது.

பக்கத்தில் ஒட்டும் உறுப்புகளுக்கு இது சரி. தலைமேல் உட்காரும் புள்ளிக்கும் விசிறிக்கும் என்ன செய்வது? விசையைத் தட்டியதும் தாள் ஒரு எழுத்தளவு இடப்பக்கம் நகர்ந்துவிடும். ‘க’வை அடித்துவிட்டுப் புள்ளியை அடித்தால் அது பக்கத்து வீட்டுத் தலையில் விழும். இதற்குக் கண்ட தீர்வே நகரா விசை. சாதாரண விசையை அழுத்தும்போது அதன் கம்பி மேலே போகிற போக்கில், தாளைச் சுமக்கும் கேரியேஜை விடுவிக்கும் பொதுப் பட்டையையும் தள்ளிவிடும். நகரா விசையின் கம்பி அந்தப் பட்டையைத் தொடாதபடி அமைக்கப்பட்டது. புள்ளி விழும், தாள் அசையாது. அடுத்து ‘க’ அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே விழுந்து, தாளை நகர்த்தும். ‘க்’ கிடைத்துவிட்டது.

இது அழகான தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்த் தட்டச்சின் முதல் தொல்லையும் இங்கேதான் பிறந்தது.

புள்ளியின் கதை

பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘க’ எழுதிவிட்டு அதன்மேல் புள்ளி வைக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கை அப்படியே பழகிவிடுகிறது. பயிலகத்தில் சேர்ந்த முதல் வாரம் அந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் புள்ளி, பிறகு எழுத்து. மனத்துக்குள் ‘அம்மா’ என்று சொல்லிக்கொண்டே விரல் அ, புள்ளி, ம, ம, கால் என்று போக வேண்டும். மெய்யெழுத்து வரப்போகிறது என்பதை அதற்கு முந்தைய கணத்திலேயே விரல் அறிந்திருக்க வேண்டும். தமிழில் தட்டச்சுப் பயில்வது ஆங்கிலத்தைவிடக் கடினம் என்று மாணவர்கள் சொல்வதற்கு எழுத்தின் எண்ணிக்கையைவிட இந்தத் தலைகீழ் வரிசையே பெரிய காரணம்.

அடுத்தது விரல். தமிழ்ப் பொறியின் நடுவரிசையில் இடக்கைக்கு ய, ள, ன, க, ப. வலக்கைக்குக் கால், த, ம, ட. அதை அடுத்து வலக்கைச் சுண்டுவிரலின் அடியில் புள்ளி. தமிழ் உரைநடையில் எந்தப் பத்தியை எடுத்து எண்ணினாலும் மிகுதியாக வரும் குறிகளுள் புள்ளி முன்வரிசையில் நிற்கும். அந்த வேலையைப் பத்து விரலில் மெலிந்த விரலிடம் கொடுத்திருக்கிறது இந்த விசைப்பலகை. இயந்திரப் பொறியில் எழுத்தின் அழுத்தம் விரலின் அழுத்தத்தைப் பொறுத்தது. ஆள்காட்டி விரல் அடித்த ‘க’ கறுத்து விழும். சுண்டுவிரல் அடித்த புள்ளி மங்கி விழும் அல்லது விழாமலே போகும்.

புள்ளி விழாவிட்டால் என்ன என்று கேட்கலாம். ‘கல்வி’ என்பது ‘கலவி’ ஆகிவிடும். ஆட்சியர் அலுவலகக் கோப்பில் இப்படி ஒன்று விழுந்தால் சிரிப்பார்கள், திருத்திக்கொள்வார்கள். தேர்வுத் தாளில் விழுந்தால் சிரிக்க யாரும் இல்லை, மதிப்பெண் போகும்.

தமிழ்நாட்டில் தட்டச்சுத் தேர்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இளநிலை, முதுநிலை என்று நிலைகள் உண்டு. பேச்சு வழக்கில் லோயர், ஹையர். ஆங்கில இளநிலை வேகத் தேர்வு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை 45 சொல். ஐந்து தட்டு ஒரு சொல் என்ற கணக்கில் 10 நிமிடத்தில் முறையே 1500, 2250 தட்டுகள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பதவிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். குறைந்தது ஒன்றில் முதுநிலை, மற்றதில் இளநிலை. ராசிபுரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதல் பேருந்து பிடித்து வந்து ஓராண்டு பயின்ற ஒரு பெண்ணுக்கு, வீட்டை விட்டு வெகுதூரம் போகாமல் கிடைக்கக்கூடிய மாதச் சம்பளத்துக்கான வாசல் இதுதான். அந்த வாசலின் தாழ்ப்பாள் ஒரு சுண்டுவிரலில் இருக்கிறது. பயிலக ஆசிரியர்கள் ‘புள்ளியை அடி, தொடாதே’ என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது.

அகல எழுத்தும் ஒல்லி எழுத்தும்

தட்டச்சுப் பொறிக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலம். ஒவ்வொரு தட்டுக்கும் கேரியேஜ் ஒரே அளவுதான் நகரும். ஆங்கிலத்திலேயே ‘எம்’ நெருக்குண்டும் ‘ஐ’ தளர்ந்தும் தெரியும். தமிழிலோ ‘ர’வுக்கும் ‘ண’வுக்கும் இடையே ஒன்றுக்கு இரண்டு வேறுபாடு. பொறியின் ‘ண’ மூன்று சுழியையும் சுருட்டிக்கொண்டு கஞ்சி போடாத வேட்டிபோல் நிற்கும். நகரா விசையின் புள்ளியோ அறையின் ஒரே இடத்தில்தான் விழும். கீழே நிற்பது ஒல்லியா பருமனா என்று அதற்குத் தெரியாது. பழைய தட்டச்சுத் தாள்களில் சில மெய்களின் புள்ளி தலைக்கு நேராகவும் சிலவற்றின் புள்ளி தோளுக்கு நேராகவும் தெரிவது இதனால்தான்.

உகர, ஊகார வரிசைகள் முத்தையாவின் பிரித்தெடுக்கும் முறைக்கு முழுதாக அடங்கவில்லை. ‘கு’, ‘டு’, ‘மு’, ‘ரு’ ஒவ்வொன்றும் ஒரு வடிவம். பொதுவான உறுப்பு என்று எதையும் உருவ முடியாது. ஆகவே இவற்றுக்குத் தனி விசைகள் கொடுக்க வேண்டியதாயிற்று. ‘டி’யும் அப்படியே, அதன் விசிறி மற்ற எழுத்துகளின் விசிறி போல் தலையில் உட்காராமல் வாலில் ஒட்டுகிறது. இடம் நெருங்கியதால் ‘ஔ’ போன்ற அருகிய எழுத்துகளை ‘ஒ’வும் ‘ள’வும் அடித்து ஒப்பேற்றும் பழக்கம் வந்தது. இந்தச் சில்லறைச் சமாளிப்பு இன்றும் நம்மை விடவில்லை. கணினியில் ‘ஔவையார்’ என்று தேடினால், ‘ஒ’வும் ‘ள’வுமாக அடிக்கப்பட்ட ‘ஒளவையார்’ அகப்படமாட்டார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இயந்திரத்துக்கு அவர்கள் வேறு வேறு ஆள்கள்.

ஆங்கிலப் பொறியிலும் இத்தகைய ஒப்பேற்றல் இருந்தது. பல பழைய பொறிகளில் எண் ஒன்றுக்கு விசையே கிடையாது. சிறிய ‘எல்’ எழுத்தை அடிக்க வேண்டும். வியப்புக்குறிக்கு மேற்கோள் குறியை அடித்து, பின்னால் நகர்ந்து, கீழே முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். வியப்பு அதற்குள் அடங்கிவிடும்.

காவிரிக் கரையில் எழுந்த சீர்திருத்தம்

நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பள்ளிபாளையம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அங்கிருந்து வெளிவந்த ‘குடிஅரசு’ இதழில் 1935 ஜனவரி 13 அன்று பெரியார் தம் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ணா, றா, னா ஆகியவற்றுக்குப் பழைய வழக்கில் கால் கிடையாது. எழுத்தையே சுழித்து எழுதுவார்கள். ணை, லை, ளை, னை நான்கிலும் எழுத்தின் முன்னால் துதிக்கை போன்ற ஒரு வளைவு இருக்கும். இவற்றையும் ஒகர, ஓகார வரிசையில் இதே சிக்கல் உள்ளவற்றையும் சேர்த்து 13 எழுத்துகளை மற்ற எழுத்துகள்போலவே எழுதலாம் என்பது அவர் முறை. கற்பவருக்கும் அச்சுக்கோப்பவருக்கும் சுமை குறையும்.

அரசு இதை ஏற்க 43 ஆண்டுகள் ஆயின. எம்.ஜி.ஆர். ஆட்சியில், பெரியாரின் நூற்றாண்டு விழாக் காலத்தில், 1978 அக்டோபர் 19 அன்று ஆணை பிறந்தது. தனி வடிவம் இருந்தால் அதற்குத் தனி அச்சு வேண்டும், தனி அச்சு இருந்தால் தனி விசை வேண்டும் என்பது இயந்திரத்தின் கணக்கு. 13 வடிவங்கள் ஒழிந்ததில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்தபடி நிம்மதி அடைந்தவர்கள் அச்சகத்தாரும் தட்டச்சர்களும்தான்.

அதோடு நிற்க வேண்டாம் என்றார் வா.செ. குழந்தைசாமி. அவரும் காவிரிக் கரையான கரூர்ப் பகுதியில் பிறந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பொறியாளர். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் பொதுக் குறியோடு எழுதினால் கற்க வேண்டிய வடிவங்கள் பெருமளவு குறையும் என்று பல ஆண்டுகள் வாதிட்டார். அது ஏற்கப்படவில்லை. எதிர்த்தவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது: 13 எழுத்தை மாற்றினால் பழைய நூலைப் படிக்க இயலும், உகர வரிசை முழுவதையும் மாற்றினால் பக்கத்தின் முகமே மாறிவிடும். கணினி வந்தபின் வடிவங்களின் எண்ணிக்கை இயந்திரத்துக்குச் சுமையாக இல்லாமல் போயிற்று. பொறிக்காக எழுத்தை மாற்றாமல் விட்டது, பின்னோக்கிப் பார்க்கையில், நல்லதாகவே முடிந்தது.

ரிப்பன், மணி, மண்ணெண்ணெய்

1956-இல் தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கோப்புகள் மெல்லத் தமிழுக்கு மாற, தமிழ்ப் பொறிகளின் தேவை கூடியது. ரெமிங்டன், ஹால்டா, பெசிட், கோத்ரெஜ் என்பவை வழக்கமான பெயர்கள். கோத்ரெஜ் 1955-இல் இந்தியாவிலேயே பொறி செய்யத் தொடங்கியது. பெசிட் பொறிகள் சென்னையை அடுத்த பெருங்குடியில் உருவாயின. சேலம் பழைய மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியபோதும் மனுக்கள் பெரும்பாலும் இந்தப் பொறிகளில்தான் அடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், பத்திரப் பதிவு அலுவலகம் ஆகியவற்றின் வாசலில் மர நிழலில் ஒரு மேசை, ஒரு பொறி, பறக்காமல் இருக்கத் தாளின்மேல் ஒரு கல்.

இந்தப் பொறிகளோடு வாழ்ந்தவர்களின் அன்றாடக் குறைகளைத் தொகுத்தால் நீளும். சமவெளியின் கோடையில் ரிப்பன் சீக்கிரம் காய்ந்துபோகும். புது ரிப்பன் மாட்டினால் நான்கு நாளைக்கு எல்லா எழுத்தும் ஊறித் தெரியும், பிறகு ஒரு வாரம் ஒழுங்காக இருக்கும், பிறகு மங்கும். இறுதிவரை போன ரிப்பன் தானாகத் திரும்பிச் சுற்ற வேண்டும். அது திரும்பாமல் ஒரே இடத்தில் நின்றால், அடி வாங்கிய இடம் ஓட்டையாகும். சில பயிலகங்களில் காய்ந்த ரிப்பனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஆயுளை நீட்டுவார்கள். சிக்கனம் என்று சொல்லலாம். தாளில் விழும் எண்ணெய்க் கறையைப் பார்த்தால் வேறு மாதிரியும் சொல்லலாம்.

சுழியுள்ள எழுத்துகளின் வயிற்றில் ரிப்பனின் நூல் துகளும் மையும் புழுதியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ஈ’, ‘ஏ’, ‘ஓ’ என்று மூன்று நான்கு எழுத்துக்குத்தான் இந்த வயிற்றுக் கோளாறு. தமிழில் சுழியில்லாத எழுத்தைத் தேட வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பல்துலக்கியும் ஒரு குண்டூசியும் ஒவ்வொரு பொறிக்கும் துணைக்கருவிகள். சனிக்கிழமை மாலையில் மாணவர்களே உட்கார்ந்து குண்டூசியால் ‘ன’வின் கண்ணைத் தோண்டுவது பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாடம்.

வரி முடியப்போவதை அறிவிக்க மணி அடிக்கும். மணி அடித்தபின் ஏழெட்டுத் தட்டுக்கு இடம் இருக்கும். ஆங்கிலச் சொல் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ‘எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது’ என்று தொடங்கியிருக்கும் தமிழ்த் தட்டச்சர் என்ன செய்வார்? நெம்புகோலைத் தள்ளி, எல்லையைத் தாண்டி அடித்து, தாளின் வலப்பக்க ஓரத்தைப் பல் போன இடம்போல் விட்டுவைப்பார். அரசுக் கடிதங்களில் சொற்கள் கண்ட இடத்தில் முறிந்து அடுத்த வரிக்குப் போவதற்கு மொழியறிவுக் குறைவை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. மணியும் ஒரு காரணம்.

கார்பன் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டு ஒரு பக்கம் முழுவதும் அடித்துமுடித்த பிறகு, மூலத்தின் முதுகிலேயே கண்ணாடி எழுத்தாக எல்லாம் பதிந்திருப்பதைக் காண்பது தட்டச்சர் ஒவ்வொருவருக்கும் வாழ்க்கையில் ஒருமுறையாவது நேர்ந்தது. பிழை நேர்ந்தால் மூலத்தை அழிப்பானால் தேய்த்து, ஒவ்வொரு படியையும் தனித்தனியே தேய்க்க வேண்டும். அழிப்பான் துகள் பொறிக்குள் விழுந்து மறுநாள் ஒரு கம்பியைச் சிக்கவைக்கும். பள்ளிகளுக்கு வினாத்தாள் தயாரிக்க ஸ்டென்சில் தாள் வெட்டுவார்கள். ரிப்பனை விலக்கிவிட்டு வெறும் அச்சால் மெழுகுத் தாளைக் கீற வேண்டும். அழுத்தி அடித்தால் சுழியின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும்; உருட்டி எடுக்கும்போது ‘ன’ ஒரு கறுப்புப் பொட்டாக வரும். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று மாணவர்கள் வினாத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த காலம் உண்டு.

தேர்வு நாளின் தொல்லை தனி வகை. தேர்வு மையமான கல்லூரிக்குப் பொறிகளைப் பயிலகங்களே வேனில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். ஒரு பொறி ஒரு சிப்பம் சிமெண்டில் கால் பங்குக்குக் குறையாத எடை. வழியில் வேகத்தடைகளில் குதித்துக் குதித்துப் போய், படியேறி, மேசையில் உட்காரும்போது, நேற்றுவரை ஒழுங்காக இருந்த பொறி ஒரு எழுத்தை மயிரிழை உயர்த்தி அடிக்கும். மேசை ஆடும். முன்வரிசைக்காரர் கேரியேஜைத் தள்ளும் வேகத்தில் பின்வரிசைக்காரரின் கவனம் போகும். ஓராண்டுப் பயிற்சியின் பலன் அந்தப் பத்து நிமிடத்தில் இந்தப் பொறியின் மனநிலையையும் பொறுத்தது. கோத்ரெஜ் நிறுவனம் பொறி செய்வதை நிறுத்திவிட்ட செய்தி 2011-இல் உலகச் செய்தியானது. அதன்பின் உதிரி உறுப்புக்கு ஒரே வழி, செத்த பொறியைப் பிரித்து உயிருள்ள பொறிக்குப் போடுவது. பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது.

கணினி வந்தும் தீராதது

கணினியில் தமிழ் நுழைந்தபோது ஆளுக்கொரு விசைப்பலகை இருந்தது. இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழிணையம் 99’ மாநாடு கூடியது. அதன் பயனாக அதே ஆண்டு ஜூனில் அரசு ஏற்றதே தமிழ் 99 விசைப்பலகை. சிங்கப்பூர் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமியின் உழைப்பு இதன் பின்னணியில் உண்டு. அரசாணையைப் பார்க்காமலே அந்த ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார். முத்தையாவைப் போலவே கோவிந்தசாமிக்கும் சிங்கப்பூர்தான் களம் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழ் 99 முத்தையாவின் வழியைத் திருப்பிப் போட்டது. அது வடிவ உறுப்புகளைப் பார்க்கவில்லை, இலக்கணத்தைப் பார்த்தது. உயிர்கள் பெரும்பாலும் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ‘க’வும் ‘ஒ’வும் தட்டினால் ‘கொ’. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும். பழைய பொறியில் ஐந்து. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியவற்றுக்கும் புள்ளி தானே வரும். சுண்டுவிரலின் அரை நூற்றாண்டுத் துன்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. இதிலும் ஒரு சிறு முள் இருக்கிறது: ‘ஏககாலத்தில்’ என்று அடிக்கப்போனால் ‘ஏக்காலத்தில்’ என்று வந்து நிற்கும். முதல் ‘க’வுக்குப் பின் ஒரு ‘அ’ தட்ட வேண்டும். இத்தகைய சொற்கள் குறைவு என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது வேறொன்று. அரசு கணினிக்கு ஏற்ற விசைப்பலகை ஒன்று. அதே அரசின் தட்டச்சுத் தேர்வு நடக்கும் பொறியின் விசைப்பலகை இன்னொன்று. பயிலகத்தில் பழைய அடுக்கை விரலில் ஏற்றிக்கொண்டு, தேர்வில் வென்று, பணியில் சேர்ந்தவர் முன்னால் இருப்பது கணினி. தமிழ் 99-ஐப் புதிதாகக் கற்பதா, விரலில் ஊறியதை வைத்துச் சமாளிப்பதா? பெரும்பாலோர் இரண்டாவதையே செய்தார்கள். பழைய தட்டச்சு அடுக்கில் அடிக்க வசதி செய்த மென்பொருள்கள் அதனால்தான் செழித்தன. அரசு அலுவலகங்களில் ‘வானவில்’ எழுத்துருவில் மலைபோல் கோப்புகள் குவிந்தன. 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்ற பிறகு, அந்தக் கோப்புகளை வேறு கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஐரோப்பியக் குறிகள் நின்றன. புதிய முறை கெட்டதென்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே கற்ற விரலுக்கு மாற்றுவழி காட்டாமல் ஆணை மட்டும் போட்டதில்தான் குறை.

மறுபடியும் டக் டக்

கணினி விசைப்பலகைகள் விலை மலிய மலிய, உள்ளே வில்லும் தொடுமுனையும் போய் ரப்பர் தகடு வந்தது. ஓசை அடங்கியது, விரலுக்கு ‘விழுந்தது’ என்ற உறுதியும் போயிற்று. அந்த உறுதியைத் தேடுகிறவர்களின் பொழுதுபோக்கே இன்றைய மெக்கானிக்கல் கீபோர்டு மோகம். ஒவ்வொரு விசைக்கும் தனி வில், தனி சுவிட்சு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வகை இதற்கு இலக்கணமாயிற்று.

தமிழ்நாட்டுக்காரருக்கு இது புதிதல்ல. சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’ விசைப்பலகைகள் வங்கி, பயணச்சீட்டு முகப்பு, டிடிபி கடை எங்கும் பல ஆண்டுகளாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் செர்ரியின் நீல சுவிட்சு இருந்ததை அந்தக் கடைக்காரர்கள் அறிந்திருக்கவில்லை. எளிதில் சாகாது என்பதை மட்டும் அறிந்திருந்தார்கள். தமிழரான த. உதயகுமார் வடிவமைத்து 2010 ஜூலை 15 அன்று ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியும் பின்னர் ‘கோல்டு பாரத்’தில் ஏறியது.

ஆர்வலர்களின் குறைகளைக் கேட்டால் பழைய பயிலகத்தின் பேச்சே மறுபிறவி எடுத்ததுபோல் இருக்கும். இடைவெளிக் கட்டை ஆடிக் கிலுகிலுக்கிறது என்பார்கள். நீண்ட விசையைத் தாங்கும் கம்பிக்குப் பசை தடவ வேண்டும். ஒருமுறை அழுத்தினால் எழுத்து இருமுறை விழுகிறது என்பார்கள். சுவிட்சின் உலோக முனைகள் தொடும் கணத்தில் சற்றே துள்ளுவதுதான் காரணம். ஒருசில மில்லி நொடிக்குள் வரும் இரண்டாவது தொடுகையைப் புறக்கணிக்குமாறு உள்ளிருக்கும் நிரல் சொல்கிறது. முனை தேய்ந்தால் துள்ளல் நீண்டு நிரலை ஏமாற்றிவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடிகள் விரல் எண்ணெயில் பளபளத்துப் போகும்; பிபிடி என்ற வகை மெதுவாகப் போகும். பயிலக மாணவர் குண்டூசி பிடித்த இடத்தில் இவர்கள் தூரிகை பிடிக்கிறார்கள். வீட்டில் உறங்குகிறவர்களின் புகார் இரு தலைமுறைக்கும் பொது.

தமிழருக்கு மட்டும் உரிய குறை ஒன்று மிச்சம் இருக்கிறது. நிறமும் வடிவமும் நூறு வகையாகக் கிடைக்கும் மூடிகளில் தமிழ் எழுத்து பொறித்தவை எளிதில் கிடைப்பதில்லை. ஒட்டும் வில்லைகள் கிடைக்கும்; கோடை வியர்வையில் சில மாதத்தில் ஓரம் பெயரும். பார்க்காமல் அடிக்கப் பழகியவருக்கு இது பொருட்டில்லை. அவருக்குள்ள தொல்லை பழையது. பழைய அடுக்கைப் பின்பற்றும் மென்பொருளில் அவர் வழக்கம்போல் முதலில் புள்ளியைத் தட்டுகிறார். ஒருங்குறியோ எழுத்துக்குப் பின்னால்தான் புள்ளியைச் சேமிக்கும். ஆகவே மென்பொருள் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது. அதுவரை திரையில் ஒன்றும் தெரிவதில்லை. விழவில்லையோ என்று சுண்டுவிரல் இன்னொருமுறை, இம்முறை அழுத்தமாகவே, தட்டிவிடுகிறது.